நிலவையும் காட்டுங்கள், வாசற்படியையும் காட்டுங்கள்

பிரான்ஸ் நாட்டின் அரச தொலைக்காட்சிகளுள் ஒன்றான ‘பிரான்ஸ் 2’, 2007ஆம் ஆண்டில் மாப்பசானின் சிறுகதைகளைத் தொடராக ஒளிபரப்பத் தொடங்கியது. ‘மாப்பசான் வீட்டில்’ என்று பொருள்படும் தலைப்பில் வந்த அத்தொடரில் ஒவ்வொரு கதையும் அரை மணி நேரம் அல்லது ஒரு மணி நேரம் ஓடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நோர்மண்டியின் பண்ணை வீடுகளும், பாரிஸ் நகரத்து எழுதுவினைஞரின் ஒடுங்கிய அறைகளும் திரையில் மீண்டும் எழுந்தன. ‘புதிய அலை’ இயக்குநர்களுள் ஒருவராகிய குளோட் ஷப்ரோல் போன்ற பெயர்பெற்றவர்களும் இச்சிறு படைப்புகளை இயக்க முன்வந்தனர். பின்னர் அம்முயற்சி அதே நூற்றாண்டின் வேறு எழுத்தாளர்களின் கதைகளுக்கும் விரிந்தது.

இந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் மாப்பசானைப் படித்து வளர்கின்றனர். அவர்களோடு ஒரே வாங்கில் அமர்ந்து எமது பிள்ளைகளும் படிக்கின்றனர். நோர்மண்டிக் குடியானவன் தன் பசுவை எவ்வாறு சந்தைக்கு ஓட்டிச் சென்றான், அவனுடைய மனைவி எத்தகைய தொப்பி அணிந்தாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தம் பூட்டனார் வாழ்ந்த நாற்சார் வீட்டின் முற்றம் எங்கே இருந்தது, படலையைத் திறந்து உள்ளே வர எவருக்கு உரிமை இருந்தது, எவர் வெளியே நின்று குரல் கொடுத்தார் என்பது தெரியாது. இதற்குப் பிள்ளைகளைக் குறைகூறுவதில் நியாயமில்லை. நாம் அவர்களுக்குக் காட்டவில்லை.

ஈழத்து நல்ல சிறுகதைகளை அவற்றுக்குரிய காலத்தோடும் களத்தோடும் திரைக்குக் கொண்டுவரும் பணியை, புலம்பெயர்ந்து வாழும் நாம் இனியும் தள்ளிப்போடலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதைச் செய்வதானால் எவ்வாறு செய்ய வேண்டும் என்பது அதனினும் முக்கியமான கேள்வி. பிறர் செய்தவற்றைப் பார்த்தே அதற்கு விடை தேட வேண்டியிருக்கிறது.

சிறுகதையும் சின்னத்திரையும்

நாவலைப் படமாக்குபவர் எதை வெட்டுவது என்று தவிக்கிறார். சிறுகதையை முழுநீளப் படமாக்குபவர் எதைச் சேர்ப்பது என்று தவிக்கிறார். அரை மணி, முக்கால் மணி நேரத் தொலைக்காட்சி நாடகத்துக்கு இவ்விரு தவிப்பும் குறைவு. ஒரே அமர்வில் படித்து முடிக்க எழுதப்பட்டதை ஒரே அமர்வில் பார்த்து முடிக்கலாம்.

இதற்குச் சத்யஜித் ராய் ஒருவரிடமே இரண்டு சான்றுகள் உண்டு. பிரேம்சந்தின் இரண்டு சிறுகதைகளை அவர் இந்தி மொழியில் படமாக்கினார். முதலாவது, 1977இல் வெளிவந்த ‘சத்ரஞ்ச் கே கிலாடி’. 1856இல் அயோத்தி அரசை ஆங்கிலேயர் விழுங்கிய வேளையில், சதுரங்கப் பலகையை விட்டு எழாத இரு லக்னோ பிரபுக்களின் கதை அது. முழுநீளத் திரைப்படமாக்குவதற்காக நவாப் வாஜித் அலி ஷாவையும் ஆங்கிலத் தளபதி ஊட்ரமையும் ராய் கதைக்குள் விரிவாகக் கொண்டுவந்தார். அழகிய படம், ஆயினும் பிரேம்சந்தின் கதையைப் போல் இன்னொரு மடங்கு கதை அதனுள் இருக்கிறது.

இரண்டாவது, 1981இல் தூர்தர்ஷனுக்காக எடுத்த ‘சத்கதி’. ஒரு மணி நேரத்துக்கும் குறைவானது. இங்கே ராய் ஏறக்குறைய எதனையுமே சேர்க்கவில்லை. மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துத் தருமாறு கேட்க, தோல் தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்த துக்கி ஒரு பிராமணரின் வீட்டுக்குப் போகிறான். காய்ச்சலில் எழுந்த உடம்பு, வயிற்றில் உணவில்லை. பிராமணர் அவனிடம் வேலை வாங்குகிறார். இறுதியில் முரட்டு மரக்கட்டை ஒன்றைப் பிளக்கச் சொல்கிறார். பிளந்துகொண்டிருக்கும்போதே அவன் செத்து விழுகிறான். பிணத்தைத் தொட்டால் தீட்டு. எனவே பிராமணர் கயிற்றைச் சுருக்கிட்டு, காலில் மாட்டி, ஊருக்கு வெளியே இழுத்துச் செல்கிறார். துக்கியாக ஓம் பூரியும் அவன் மனைவியாக ஸ்மிதா பாட்டீலும் நடித்தனர். அரண்மனை இல்லை, பட்டாடை இல்லை. ஒரு கோடரி, ஒரு மரக்கட்டை, ஒரு கயிறு. பழைய காலம் ஒன்றைத் திரையில் நிறுத்த இவை மூன்றும் போதுமானவையாக இருந்தன.

பணம் இல்லையே என்று எம்மவர் சொல்லும் விடைக்கு இப்படம் ஒரு மறுமொழி. செலவு மிகுந்த லக்னோவைக் காட்டிலும் செலவு குறைந்த மரக்கட்டையே பிரேம்சந்துக்கு அணுக்கமாகச் சென்றது.

காலம் என்பது அலங்காரம் அன்று

பழைய கதையைப் படமாக்குவோர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கதையை இன்றைய வீட்டுக்குள் கொண்டுவரலாம்; அல்லது பார்ப்பவரை அன்றைய வீட்டுக்குள் அழைத்துச் செல்லலாம். முதலாவது எளிது. இரண்டாவது வெறும் ஆடம்பரம் என்று கருதுவோர் உண்டு. சில கதைகளுக்கு அது ஆடம்பரம் அன்று, உயிர்.

மாப்பசானின் ‘அட்டிகை’ கதையை அறியாத தமிழ் வாசகர் குறைவு. 1884இல் வெளிவந்த கதை. கல்வி அமைச்சில் எழுதுவினைஞனாக இருப்பவனின் மனைவி மத்தில்து. அமைச்சின் விருந்துக்குப் போக நானூறு பிராங்குக்கு உடை தைக்கிறாள். செல்வந்தத் தோழியிடம் வைர அட்டிகை ஒன்றை இரவல் வாங்குகிறாள். விருந்து முடிந்து வீடு திரும்புகையில் அது தொலைகிறது. கணவனும் மனைவியும் தோழியிடம் உண்மையைச் சொல்லாமல், முப்பத்தாறாயிரம் பிராங்குக்கு அதே போன்ற இன்னொன்றை வாங்கிக் கொடுக்கின்றனர். கடனை அடைக்கப் பத்து ஆண்டுகள். வேலைக்காரியை நிறுத்தி, மாடியறைக்கு இடம்மாறி, தண்ணீர் சுமந்து, கைகள் காய்த்து அவள் கிழவியாகிறாள். இறுதியில் தோழி சொல்கிறாள்: அது போலி நகை, அதிகம் போனால் ஐந்நூறு பிராங்கு பெறும்.

இந்த எண்களைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் கதை நிற்காது. அந்தக் காலத்தின் சம்பளம், அந்தக் காலத்தின் வட்டி, கடன் கொடுப்பவனுக்குக் கையெழுத்திட்ட பத்திரம், எழுதுவினைஞனின் மனைவிக்கு வேறு தொழிலோ வேறு வாழ்வோ திறந்திராத நிலை ஆகிய யாவும் சேர்ந்துதான் அந்தப் பத்து ஆண்டுகளைச் சிறையாக்கின. மாப்பசான் தாமே கடற்படை அமைச்சிலும் பின்னர் கல்வி அமைச்சிலும் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். தாம் அறிந்த மேசையிலிருந்தே எழுதினார். ஷப்ரோல் இக்கதையை அக்காலத்து உடைகளோடும் அறைகளோடும் எடுத்தார். உடையின் அழகைக் காட்டுவது அங்கே கண்ணுக்கு விருந்து வைப்பதற்காக அன்று. அந்த அழகுக்காக ஒருத்தி என்ன விலை கொடுத்தாள் என்பதை நாம் உணர்வதற்காக.

அதே தொடரில் ‘இரண்டு நண்பர்கள்’ என்ற கதையும் வந்தது. 1871 ஜனவரி. புருசியப் படை பாரிஸை முற்றுகையிட்டிருக்கிறது. நகரமே பசியில் கிடக்கிறது. அமைதிக் காலத்தில் ஞாயிறு தோறும் ஒன்றாக மீன் பிடித்த இரு சாமானியர், கொஞ்சம் மதுவின் துணிச்சலில், காவல் எல்லையைக் கடந்து கொலோம்ப் பக்கம் ஆற்றங்கரைக்குப் போகின்றனர். எதிரிகள் பிடிக்கின்றனர். திரும்பிச் செல்வதற்கான இரகசியச் சொல்லைக் கேட்கின்றனர். இருவரும் வாய் திறக்கவில்லை. சுட்டு ஆற்றில் எறிகின்றனர். அவர்கள் பிடித்த மீனைப் பொரித்துத் தரும்படி எதிரிப்படை அதிகாரி சமையற்காரனிடம் சொல்கிறான்.

கொலோம்ப், அர்ஜாந்தேய் என்னும் பெயர்கள் எமக்குப் புதியனவல்ல. சென் லசார் நிலையத்தில் தொடருந்து ஏறி வேலைக்குப் போகும் எம்மவர் அன்றாடம் கடக்கும் இடங்கள். அங்கே ஒரு முற்றுகை நடந்தது, சோதனைச் சாவடி இருந்தது, மீன் பிடிக்கப் போனவன் பிணமாக ஆற்றில் எறியப்பட்டான் என்பதை அக்கதை எமக்குச் சொல்கிறது. முற்றுகையும் கடவுச்சொல்லும் சோதனைச் சாவடியும் என்னவென்று எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னரும் ஒரு நாடு தன் சாமானியர் இருவரின் சாவை மறக்காமல் மாலை நேரத் திரையில் வைக்கிறதே, அதுவே எம்மைச் சிந்திக்க வைக்கிறது.

பொருள்களும் பேச்சும்

இங்கிலாந்தில் வாழும் எம்மவர் ‘ஷெர்லொக் ஹோம்ஸ்’ தொடரை நன்கு அறிவர். கிரனாடா நிறுவனம் 1984 முதல் 1994 வரை, ஜெரமி பிரெட் துப்பறிவாளராக நடிக்க, கொனன் டொயிலின் கதைகளைப் படமாக்கியது. பேக்கர் வீதியையே மன்செஸ்டரில் அரங்கமாகக் கட்டினர். அதைவிட எமது கவனத்துக்கு உரியது வேறொன்று. படப்பிடிப்புக்கு முன்னரே, மூலக் கதைகள் எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்து, ஹோம்ஸ் எதை அணிந்தார், எங்கே புகையிலையை வைத்தார், எப்படி அமர்ந்தார், எவரை எவ்வாறு அழைத்தார் என்பனவற்றைத் திரட்டி, எழுபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட கைநூல் ஒன்றைத் தயாரித்தனர். நடிகரும் அரங்க அமைப்பாளரும் அதையே கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தனர். இல்லாத ஒரு மனிதனின் வீட்டுக்கு இவ்வளவு அக்கறை! இருந்த எமது வீடுகளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கை நாம் செலவிட்டதுண்டா?

ஆர். கே. நாராயணின் ‘மால்குடி டேஸ்’ இன்னொரு பாடத்தைத் தருகிறது. சங்கர் நாக் இயக்கத்தில் 1980களின் நடுப்பகுதியில் தூர்தர்ஷனில் வந்த தொடர் அது. கர்நாடகத்தின் மழை மிகுந்த ஆகும்பே ஊர் மால்குடியாக மாறியது. நாராயணின் தம்பி ஆர். கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்களும், எல். வைத்தியநாதனின் இசையும் அதற்கு உயிரூட்டின. ‘வழிகாட்டி’ நாவலை இந்தித் திரைப்படமாக்கிய விதம் நாராயணுக்கு உவப்பாக இருக்கவில்லை என்பது அறிந்த செய்தி. அவரே அதனை எழுதியிருக்கிறார். தொலைக்காட்சித் தொடரோ பல தலைமுறையினரின் நினைவில் இனிமையாகத் தங்கிவிட்டது.

ஆயினும் தமிழர் ஒருவர் அத்தொடரைப் பார்க்கும்போது ஒன்றை உணராமல் இருக்க முடியாது. திண்ணை சரி, வேட்டி சரி, குடுமி சரி. வாயைத் திறந்தால் இந்தி. கதைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, நாடு முழுவதற்குமான ஒளிபரப்பு என்ற நியாயங்கள் உண்டு. அவற்றை ஏற்கிறோம். எமது கதைகளுக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஈழத்துக் கதையில் வரும் கிழவி தமிழகத் திரைப்படத் தமிழிலோ, செய்தி வாசிப்பவரின் தமிழிலோ பேசினால், அவள் உடுத்தியிருக்கும் சேலை எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. மாப்பசான் நோர்மண்டிக் குடியானவரின் பேச்சை அவர்தம் கொச்சையோடு கதையில் எழுதினார். வடமராட்சிக்கு ஒரு பேச்சு, தீவகத்துக்கு ஒரு பேச்சு, மட்டக்களப்புக்கு ஒரு பேச்சு, மலையகத்துக்கு ஒரு பேச்சு உண்டு. ‘வாருங்கோ’ என்பதற்கும் ‘வாரும்’ என்பதற்கும் ‘வா’ என்பதற்கும் இடையே ஒரு சமூகத்தின் படிக்கட்டு முழுவதும் அடங்கியிருக்கிறது. மொழி பிழைத்தால் அந்தப் படிக்கட்டு மறைந்துவிடும்.

எமது இரு கதைகள்

எடுத்துக்காட்டாக இரண்டு கதைகளை முன்வைக்கிறோம். பல்கலைக்கழகத்தில் நாம் சிறுகதை கற்பித்த காலத்திலும் மாணவர் மறக்காமல் நினைவில் வைத்திருந்த கதைகள் இவை.

ஒன்று, ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவரான இலங்கையர்கோனின் ‘வெள்ளிப் பாதசரம்’. புதிதாக மணமான இளம் இணை ஒன்று வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குப் போகிறது. அங்கே மனைவியின் வெள்ளிப் பாதசரம் தொலைந்துபோகிறது. கணவனின் கோபம் வெடிக்கிறது. பிரெஞ்சுக் கதையின் வைர அட்டிகைக்கும் இந்த வெள்ளிப் பாதசரத்துக்கும் விலையில் எவ்வளவு தூரம்! ஆயினும் இரண்டிலும் தொலைந்தது நகை மட்டுமன்று. மாட்டு வண்டி, கோயில் வீதியின் மணல், திருவிழாக் கடைகள், கூட்டத்தின் இரைச்சல் ஆகியவற்றைப் படமாக்குவோர் விரும்பிப் படமாக்குவர். ஒரு பாதசரத்துக்காக ஒரு புதுப்பெண்ணின் முகம் எப்படிச் சுருங்கியது என்பதையும், கணவனின் கடுஞ்சொல்லை அவள் எப்படி ஏற்க நேர்ந்தது என்பதையும் அதே அக்கறையுடன் படமாக்க வேண்டும். அது இல்லையேல் எஞ்சுவது நாட்காட்டிப் படம்.

மற்றொன்று, என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’. 1951இல் எழுதப்பட்டது. சமூகத் தொண்டில் பெயரெடுத்த உயர்சாதிப் பெரியவர் ஒருவரைத் தேடி, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தோர் அவரது வீட்டுக்கு வருகின்றனர். அவர்களை உள்ளே அழைக்க அவரால் முடியவில்லை. வெளியே போ என்று சொல்லவும் அவருடைய கொள்கை இடந்தரவில்லை. நல்ல நிலவு எறிக்கிறது, வெளியே போய் நிலவிலே பேசுவோம் என்று நயமாக அழைத்துச் செல்கிறார். அவ்வளவே கதை. சாதி ஒடுக்குமுறையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டவற்றைவிட இந்தச் சில பக்கங்கள் கூர்மையானவை.

இக்கதையை ஒரு படப்பிடிப்பாளரின் கையில் கொடுத்தால் என்ன நடக்கும்? நிலவைக் காட்டுவார். பனை மரத்தின் நிழலைக் காட்டுவார். வெண்மணலைக் காட்டுவார். புலம்பெயர் நாட்டில் பார்த்திருக்கும் எமது கண்கள் நனையும். ‘ஆகா, எங்கள் ஊர் நிலவு!’ என்போம். கதையில் வரும் பெரியவர் தம் விருந்தாளிகளை ஏமாற்றிய அதே நிலவு எம்மையும் ஏமாற்றிவிடும். காட்ட வேண்டியது வாசற்படி. அதை எவர் தாண்டினார், எவர் தாண்டவில்லை என்பது. தாண்டாதபடி தடுத்தவரின் முகத்தில் இருந்த புன்னகை. வந்தவர்கள் அதனைப் புரிந்துகொண்ட கணம்.

பழங்காலத்தைப் படமாக்குவதில் உள்ள பெரிய இடர் இதுவே. இழந்த ஊரின் மீதுள்ள ஏக்கம், இழந்தது எல்லாமே அழகு என்று எம்மை நம்ப வைக்கிறது. மூக்குப்பேணியை அலுமாரியில் அழகுக்கு வைக்கிறோம். வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்காகவே அதற்கு மூக்கு வைத்தனர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. தேநீர்க் கடையில் சிலருக்குப் பேணியும் சிலருக்குச் சிரட்டையும் தரப்பட்டதைச் சொல்வதேயில்லை. சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் இலங்கையில் 1957இல்தான் வந்தது. ரகுநாதனின் கதைக்கு ஆறு ஆண்டுகள் பின்னர். சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது. பேணியும் சிரட்டையும் படலையும் வாசற்படியும் அரங்கப் பொருள்கள் அல்ல. அவையே கதை.

எழும் எதிர்வாதங்கள்

எமது குறைகளைப் பிறர் முன் ஏன் விரிக்க வேண்டும் என்று சிலர் கேட்பர். போரையும் இழப்பையும் சொல்லி அடைக்கலம் கேட்டு நிற்கும் மக்கள், தம்முள் இருந்த சாதியையும் வீட்டுக்குள் பெண்ணுக்கு நேர்ந்ததையும் திரையில் காட்டினால் வெளியார் என்ன நினைப்பர் என்பது அவர்தம் அச்சம். இவ்வச்சத்தை நாம் இகழவில்லை. ஆயினும் பிரெஞ்சுக்காரர் தம் குடியானவரின் கஞ்சத்தனத்தையும் கொடுமையையும் மாப்பசான் வழியாக உலகுக்குக் காட்டினர். அதனால் பிரான்ஸ் சிறுமைப்படவில்லை. துக்கியின் பிணத்தை ராய் தூர்தர்ஷனிலேயே காட்டினார். தன் குறையைத் தானே சொல்லும் சமூகத்தின் துயரையே உலகம் நம்பும்.

அடைக்கலம் கேட்டவர்கள் இதனை அனுபவத்தால் அறிவர். விசாரணை அறையில் எம்மிடம் கேட்கப்பட்டவை பெரிய அரசியற் கேள்விகள் மட்டுமல்ல. வீட்டுக்கு எதிரே என்ன இருந்தது, அன்று எந்த வழியால் போனீர், கதவை யார் திறந்தது என்பனவும் கேட்கப்பட்டன. சிறு விபரம் பிழைத்தால் முழு வாழ்க்கையும் பொய்யென்று எழுதப்பட்டுவிடும் என்ற நடுக்கத்தோடு விடையளித்தோம். திரையும் அத்தகைய ஓர் அறைதான். விபரம் பிழைத்தாலும் நம்பமாட்டார்கள். அழகானவற்றை மட்டும் சொன்னாலும் நம்பமாட்டார்கள். எமது பிள்ளைகளே அங்கே விசாரிப்பவர்கள்.

பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்காதே என்பது இன்னொரு வாதம். அவர்கள் கொரிய நாடகங்களையும் ஸ்பானியத் தொடர்களையும் அடியில் ஓடும் எழுத்தைப் படித்தபடி பார்க்கின்றனர். தமிழைக் காதால் கேட்டு, பிரெஞ்சையோ ஜேர்மனையோ ஆங்கிலத்தையோ கண்ணால் படிப்பதில் என்ன தடை? அவ்வாறு பார்த்த பின்னர் மூலக் கதையைத் தேடும் பிள்ளை பத்தில் ஒன்றாக இருந்தாலும் அது பேறு.

பணம் என்னும் வாதத்துக்கு முன்னரே விடை கூறினோம். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிச் சன் தொலைக்காட்சிக்காகத் தமிழ் எழுத்தாளர்களின் சிறுகதைகளைக் ‘கதை நேரம்’ என்ற பெயரில் குறும்படங்களாக்கினார். ஆடம்பரம் எதுவுமின்றி, ஒரு வீடும் சில மனிதரும் இருந்தாற் போதும் என்று காட்டினார். எம் மண்ணில் பிறந்த கலைஞர் ஒருவர் வழியைக் காட்டிச் சென்ற பின்னர் வழி தெரியவில்லை என்று கூறுவது பொருந்தாது. திருமணங்களுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் எம்மவர் வாடகைக்கு அமர்த்தும் படக்கருவிகள் ‘சத்கதி’ காலத்துக் கருவிகளைவிடப் பன்மடங்கு திறமையானவை.

இன்றே செய்ய வேண்டியது

பணமும் கருவியும் காத்திருக்கலாம். காத்திருக்க முடியாத ஒன்று உண்டு. ‘நிலவிலே பேசுவோம்’ எழுதப்பட்ட 1951இல் பதினைந்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறை ஒட்டி நிற்கிறார். அவர் யாழ்ப்பாணத்திலும் இருக்கலாம். பாரிஸின் புறநகரில் பிள்ளையின் வீட்டு ஐந்தாம் மாடியிலும், ரொறன்ரோவின் முதியோர் இல்லத்திலும் இருக்கலாம். விறாந்தையில் எவர் கதிரையில் அமர்ந்தார், எவர் படியில் அமர்ந்தார், எவர் முற்றத்தில் நின்றார் என்பதை அவர் கண்டிருக்கிறார். துலாக் கிணற்றில் தண்ணீர் அள்ளிய ஓசை அவர் காதில் இருக்கிறது. அவருடன் அது போய்விடும்.

எமக்குச் சரிபார்த்துக்கொள்ள வேறு சான்றுகள் மிகக் குறைவு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் அழிந்தன. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வீடுகளில் எத்தனையோ தரைமட்டமாயின. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு ஓரிரவில் வெளியேறியவர்கள் குடும்பப் புகைப்படங்களையும் விட்டே வந்தனர். பிரெஞ்சு இயக்குநர் நோர்மண்டிக்குப் போனால் பழைய பண்ணை வீடு அங்கே நிற்கிறது. நூதனசாலையில் பழைய ஆடை தொங்குகிறது. எமக்கு எஞ்சியிருப்பவை இரண்டே: சிறுகதைகள், முதியவர்கள். சிறுகதைகளைத் தேட வழி உண்டு. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ எண்ணிமத் தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் எடுத்துப் படிக்கும்படி திரட்டி வைத்திருக்கிறது. முதியவர்களைத் திரட்டி வைக்கத் தளம் எதுவும் இல்லை.

ஆதலால் முதற்பணி படப்பிடிப்பு அன்று, கைநூல். மன்செஸ்டரில் ஹோம்ஸுக்குச் செய்ததை நாம் எமது கதைகளுக்குச் செய்வோம். ஒவ்வொரு நகரிலும் உள்ள தமிழ்ப் பாடசாலையோ வாசிகசாலையோ ஒரு கதையைப் பொறுப்பேற்கட்டும். மேல்வகுப்பு மாணவர் அக்கதையை முதியவர் ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டட்டும். பாடசாலைத் தமிழ் தடுமாறினால் பெற்றோர் உடன் இருந்து வாசிக்கட்டும். வரிக்கு வரி கேட்கட்டும்: இந்த விளக்கு எப்படி இருக்கும்? இவர் அவரை எப்படிக் கூப்பிடுவார்? இந்தப் பெண் இந்த நேரத்தில் எங்கே நின்றிருப்பாள்? இதனைக் கேட்டால் உங்கள் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? விடைகளைக் குரலாகவும் எழுத்தாகவும் பதியட்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டு நிறுத்தலாகாது. வீட்டுக்குள் இருந்தவரிடமும் கேட்க வேண்டும். வெளியே நிறுத்தப்பட்டவரிடமும் கேட்க வேண்டும். ஆணிடமும் பெண்ணிடமும் கேட்க வேண்டும். விறாந்தையிலிருந்து பார்த்தவருக்கும் முற்றத்திலிருந்து பார்த்தவருக்கும் நிலவு ஒன்றாகவே தெரிந்திருக்கும். வாசற்படி ஒன்றாகத் தெரிந்திராது.

கைநூல் ஆயத்தமானால் படம் எடுக்க இளைஞர் வருவர். ஆறு கதைகள், கதைக்கு அரை மணி நேரம் என்று தொடங்கினால் போதும். எழுத்தாளரின் குடும்பத்தாரிடம் முறைப்படி இசைவு பெற்று, இயன்ற சன்மானத்தையும் கொடுத்தே தொடங்க வேண்டும். இறந்த எழுத்தாளரின் எழுத்து கேட்பாரற்ற காணியன்று. படம் எடுக்கப்படாமலே போனாலும் கைநூல் வீணாகாது. தன் பேரப்பிள்ளைக்கு ஒரு கதையை வரிவரியாக விளக்கிய முதியவரும், அதைக் கேட்டெழுதிய பிள்ளையும் அடைந்த பயன் அவர்களிடமே இருக்கும்.

மாப்பசான் இறந்து நூற்றுப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய நாடு அவரது கதைகளுக்கு வீடு கட்டியது. அந்நாட்டுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வசதி இருந்தது. வீடுகள் நின்றன, நூல்கள் இருந்தன, மண் அவர்களுடையதாக இருந்தது. எமக்கு அந்த வசதி இல்லை. வரும் விடுமுறையில் முதியவர் ஒருவரின் அருகே அமர்ந்து, பழைய கதை ஒன்றை வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்பதிலிருந்து இப்பணி தொடங்கட்டும்.